வசை வாங்கி வாழ்ந்த பயில்வான்

அரங்கு நிறைந்த கூட்டம். நடுவே, கயிறு கட்டிய மல்யுத்த மேடை. ஒரு பயில்வான் முன்பே மேடை ஏறிக் காத்திருக்கிறார். எதிராளியைக் காணோம்!

திடீரென்று விளக்குகள் அணைகின்றன. ஊதா நிற ஒளிவட்டம் ஒன்று வாசலில் விழுகிறது. பட்டமளிப்பு விழாவில் முழங்குவது போன்ற கம்பீரமான இசை எழுகிறது. வருவது யார்? பயில்வான் அல்ல, பயில்வானின் வேலைக்காரர்! கோட்டும் சூட்டுமாக வரும் அவர் கையில் வெள்ளிக் கண்ணாடி. எஜமானர் நடக்கப்போகும் வழியில் ரோஜா இதழ்களைத் தூவுகிறார். மேடை முழுவதும் வாசனைத் தண்ணீர் தெளிக்கிறார்.

அதன் பிறகுதான் எஜமானர் வருகிறார். தரையில் புரளும் பட்டு அங்கி. சுருள் சுருளாகப் பொன்னிறக் கூந்தல். யாரையும் மதிக்காத பார்வை. அவர் தலை தெரிந்ததோ இல்லையோ, ஆயிரக்கணக்கான மக்கள் எழுந்து நின்று கூச்சல் போடுகிறார்கள். ஒருவர் பாக்கி இல்லாமல் திட்டுகிறார்கள். அவரோ அவசரமே இல்லாமல் நடந்து வருகிறார்.

இவர்தான் அமெரிக்காவையே ஆட்டி வைத்த கார்ஜியஸ் ஜார்ஜ். கார்ஜியஸ் என்றால் கண்ணைப் பறிக்கும் அழகு என்று பொருள். உலகத்தில் புகழுக்காக உழைத்தவர்கள் உண்டு. வசைக்காக உழைத்தவர் இவர். அந்த வசையையே காசாக்கினார். ஆனால் அதற்கு அவர் கொடுத்த விலை கொஞ்சமல்ல.

ஏழை வீட்டுப் பிள்ளை

அழகன் ஜார்ஜ் பட்டு மெத்தையில் பிறந்தவர் அல்ல. 1915-ஆம் ஆண்டு மார்ச் 24-ந் தேதி, அமெரிக்காவில் நெப்ராஸ்கா மாநிலத்தில் உள்ள பியூட் என்ற சிற்றூரில் பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர் ஜார்ஜ் ரேமண்ட் வாக்னர். தந்தை வீடுகளுக்கு வர்ணம் அடிக்கும் தொழிலாளி. தாய் நோயாளி. பிழைப்பைத் தேடி ஊர் ஊராகச் சென்ற குடும்பம், கடைசியில் டெக்சாஸ் மாநிலத்தின் ஹூஸ்டன் நகரில் குடியேறியது. அப்போது ஜார்ஜுக்கு வயது 7.

அங்கே ஏழைகள் வாழும் பகுதியில் வளர்ந்தார். 14 வயதில் பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டார். ஆனால் ஒரு கலையை மட்டும் விடாமல் கற்றார். அது மல்யுத்தம். திருவிழாக் கூடாரங்களில் நண்பர்களோடு குஸ்தி போடுவார். ஜெயித்தால் 35 சென்ட் கூலி. ஒரு டாலருக்கு 100 சென்ட் என்றால், அது எவ்வளவு சொற்பம் என்று கணக்குப் பார்த்துக் கொள்ளலாம்.

17 வயதில் தொழில் முறைப் பயில்வான் ஆனார். உயரம் 5 அடி 9 அங்குலம். எடை சுமார் 215 பவுண்டு. சாதாரண மனிதர்களுக்கு நடுவே இது பெரிய உடம்பு. பயில்வான்களுக்கு நடுவே இது ஒன்றுமே இல்லை. வித்தை தெரியும், பட்டங்கள் கூட ஒன்றிரண்டு ஜெயித்தார். 1939-ல் பசிபிக் கடற்கரைப் பகுதியின் பட்டம் ஒன்றையும் வென்றார். ஆனாலும் கறுப்புக் கால்சட்டை அணிந்த நூறு பயில்வான்களில் அவரும் ஒருவர். அவ்வளவுதான். ஜனங்கள் வந்தார்கள், பார்த்தார்கள், பெயரை மறந்துவிட்டுப் போனார்கள்.

மேடையிலே கல்யாணம்

அந்த 1939-ஆம் ஆண்டிலேதான் ஓரிகான் மாநிலத்தில் பெட்டி ஹான்சன் என்ற பெண்ணைச் சந்தித்தார். சினிமாக் கொட்டகையில் டிக்கெட் கொடுக்கும் பெண் அவர். காதல் கனிந்தது. கல்யாணத்தை எங்கே வைத்துக் கொள்வது? மல்யுத்த மேடையிலேயே வைத்துக் கொண்டார்கள்!

கல்யாணத்தைப் பார்க்கக் கூட்டம் அலை மோதியது. ஜார்ஜுக்கு ஒரு யோசனை உதித்தது. ஊர் ஊராகப் போய், அதே மணமகளை மறுபடியும் மறுபடியும் மேடையில் மணந்து காட்டினார். ஒவ்வொரு ஊரிலும் நல்ல வசூல். சண்டையை விட வேடிக்கைக்குத்தான் ஜனங்கள் அதிகமாகக் காசு கொடுக்கிறார்கள் என்ற உண்மையை அன்றைக்கே அவர் கண்டுகொண்டார்.

பெட்டி கெட்டிக்காரி. தையல் வேலை நன்றாகத் தெரியும். கணவருக்காக அழகழகான அங்கிகளைத் தைத்துக் கொடுத்தார். அந்த அங்கிகள்தான் ஜார்ஜின் தலையெழுத்தை மாற்றின.

மடித்த அங்கியில் புதையல்

ஒரு நாள் சண்டைக்கு முன்பு ஜார்ஜ் அங்கியைக் கழற்றினார். அருமை மனைவி தைத்த அங்கி அல்லவா? கசங்கக் கூடாதே என்று நிதானமாக மடித்தார். கூட்டத்துக்குப் பொறுமை இல்லை. சிலர் கேலி செய்தார்கள். ஜார்ஜ் இன்னும் மெதுவாக மடித்தார். கேலி கூச்சலாக மாறியது. அவர் மடித்த அங்கியைப் பிரித்து, மறுபடியும் முதலிலிருந்து மடித்தார். கொட்டகையே கொதித்தது!

மேடையில் அவரைக் கண்டதும் முன்வரிசையில் இருந்த ஒரு பெண்மணி எவ்வளவு அழகு என்று வாய்விட்டு வியந்தார் என்றும், கார்ஜியஸ் என்ற பெயரே அதிலிருந்துதான் வந்தது என்றும் ஒரு கதை உண்டு.

அந்தக் காலத்தில் லார்டு பேட்ரிக் லான்ஸ்டவுன் என்ற பெயரில் ஒரு பயில்வான் இருந்தார். ஆங்கிலப் பிரபுவைப் போல வேடமிட்டு, வேலைக்காரர்கள் சூழ வருவார். ஜார்ஜ் அவரைக் கவனித்தார். அவருடைய வேலைக்காரர்களையும் வெல்வெட்டு அங்கியையும் தன் வேடத்தில் சேர்த்துக் கொண்டார். தாமும் பெட்டியுமாக யோசித்து யோசித்து, பத்து மடங்கு பெரிதாக வளர்த்தார்.

பொன்னிறக் கூந்தல்

தலைமயிரை வளர்த்துப் பொன்னிறச் சாயம் ஏற்றினார். ஹாலிவுட்டில் பெண்கள் போகும் அலங்காரக் கடைக்குச் சென்று சுருள் வைத்துக் கொண்டார். அந்தக் கூந்தலில் பொன்னிற ஊசிகளைச் செருகியிருப்பார். மேடையில் நின்று அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துக் கூட்டத்தின் மீது வீசுவார். அவற்றுக்கு ஜார்ஜி ஊசிகள் என்று பெயர். பக்கத்தில் நின்று திட்டிக் கொண்டிருந்தவர்களே ஊசி விழுந்ததும் பாய்ந்து பொறுக்குவார்கள்! வேண்டியவர்களுக்குத் தங்க முலாம் பூசிய ஊசி உண்டு. அதைச் சாதாரண ஊசி என்று சொல்லமாட்டேன் என்று அவர்கள் சத்தியம் செய்து கொடுக்க வேண்டும்.

சண்டை தொடங்குமுன் நடுவர் வந்து பயில்வானின் கைகளையும் காலணியையும் சோதிப்பது வழக்கம். ஜார்ஜ் தொட விடமாட்டார். வேலைக்காரர் வந்து நடுவரின் கைகளில் கிருமிநாசினி தெளித்த பிறகுதான் அனுமதி.

சண்டை தொடங்கினால் எல்லாம் கோணல் வழி. நடுவர் அந்தப் பக்கம் திரும்பினால் இந்தப் பக்கம் குத்துவார். கண்ணில் விரலை விடுவார். கடிப்பார். எதிராளி கை ஓங்கினால் பின்வாங்கி ஓடுவார். யாராவது அவருடைய கூந்தலைக் கலைத்துவிட்டால் போதும், குழந்தையைப் போல அடம் பிடிப்பார். ஜனங்களுக்குக் கொண்டாட்டம்!

அப்போதுதான் இரண்டாம் உலகப் போர் முடிந்திருந்தது. போர்க்களத்திலிருந்து திரும்பிய ஆண்கள் நிறைந்த நாடு. ஆண் என்றால் முரட்டுத்தனம்தான் அழகு என்று எண்ணிய காலம். அந்தக் காலத்தில் ஓர் ஆண்பிள்ளை சுருள் முடியும் வாசனைத் தண்ணீருமாக வந்து, முரட்டுப் பயில்வான்களை ஏமாற்றி ஜெயித்தால் பொறுப்பார்களா? அன்றைய ஜனங்களின் வெறுப்பு எதில் இருக்கிறது என்று பார்த்து, அதே இடத்தில் கை வைத்தார் ஜார்ஜ்.

முடிவு முன்பே தயார்

இங்கே ஒரு விஷயத்தைத் தெரிந்து கொள்ள வேண்டும். ஒலிம்பிக் பந்தயத்தில் நடக்கும் மல்யுத்தம் வேறு. காட்சிக்காக நடக்கும் இந்தத் தொழில் முறை மல்யுத்தம் வேறு. இதில் யார் ஜெயிப்பது, யார் தோற்பது என்று முன்கூட்டியே பேசி முடித்துவிடுவார்கள். விழுவதும் அடிபடுவதும் உண்மை. எலும்பு முறிவதும் உண்மை. முடிவு மட்டும் நாடகம்.

நாடகம் என்றால் நல்லவனும் வேண்டும், கெட்டவனும் வேண்டும். கெட்டவனுக்கு அந்தத் தொழிலில் ஹீல் என்று பெயர். குதிகால் என்று அர்த்தம். ஹீலாக நடிப்பது லேசான வேலை அல்ல. ஜனங்களை எரிச்சல் மூட்ட வேண்டும். ஆனால் எதிராளிக்குக் காயம் படாமல் பார்த்துக் கொள்ள வேண்டும். கடைசியில் அடி வாங்கி விழுந்து, எதிராளியை வீரனாகக் காட்ட வேண்டும். கைதட்டல் அவனுக்கு, வசை இவனுக்கு!

ஜார்ஜ் வெறும் வேஷக்காரர்தான் என்று எண்ணியவர்கள் பலர். ஆனால் லூ தெஸ் அப்படி எண்ணவில்லை. அந்தக் காலத்தின் தலைசிறந்த பயில்வான்களில் ஒருவர் அவர். ஜார்ஜுக்கு உண்மையான மல்யுத்தமும் தெரியும் என்று அவரே ஒப்புக் கொண்டார்.

வீட்டுக்குள் வந்த வில்லன்

1947-ஆம் ஆண்டு நவம்பர் 11-ந் தேதி ஜார்ஜ் முதல் தடவையாக டெலிவிஷனில் தோன்றினார். டெலிவிஷன் அப்போது கைக்குழந்தை. பெரிய விளையாட்டு மைதானத்தைப் படம் பிடிப்பது கஷ்டம். மல்யுத்த மேடையோ சிறியது. நல்ல வெளிச்சம் உள்ளது. ஓரிரு காமிராக்களே போதும். ஆகவே டெலிவிஷன் நிலையங்கள் மல்யுத்தத்தைத் தேடி ஓடின.

1950-ல் அமெரிக்காவில் 100 வீடுகளுக்கு 9 வீடுகளில்தான் டெலிவிஷன் இருந்தது. 1955-ல் ஏறத்தாழ 65 வீடுகளில் இருந்தது. டெலிவிஷன் பெட்டி வாங்கியவர்கள் அதில் கண்ட முதல் நட்சத்திரங்களில் ஜார்ஜ் ஒருவர். பெட்டி இல்லாதவர்கள் பக்கத்து வீட்டிலும் கடை வாசலிலும் கூடி நின்று பார்த்தார்கள். மல்யுத்தம் என்றாலே முகம் சுளித்த பெண்கள் கூட, இன்றைக்கு எந்த அங்கி போட்டு வருகிறார் என்று பார்க்க உட்கார்ந்தார்கள்.

1949-ல் நியூயார்க்கின் புகழ்பெற்ற மாடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கில் தோன்றினார். அதே ஆண்டு சினிமாவிலும் நடித்தார். வருமானம் ஆண்டுக்கு 1 லட்சம் டாலரைத் தாண்டியது என்று சொன்னார்கள். பேஸ்பால் ஆட்டத்தில் கொடி கட்டிப் பறந்த ஜோ டிமாகியோவின் சம்பளமே அப்போது 1 லட்சம் டாலர்தான். 35 சென்ட்டுக்குக் குஸ்தி போட்ட பையன், நாட்டின் மிகப் பெரிய விளையாட்டு வீரருக்குச் சமமாகச் சம்பாதித்தார்!

1950 மே மாதம் உலக சாம்பியன் பட்டம் ஒன்றையும் ஜெயித்தார். ஜூலை மாதம் சிகாகோ நகரில் அதே லூ தெஸ்ஸிடம் அதை இழந்தார். ஜார்ஜ் தோற்றார் என்றால் கூட்டத்துக்கு அதை விட ஆனந்தம் உண்டா?

பெயரே மாறியது

ஜார்ஜ் வேடத்தைக் கழற்றவே இல்லை. சாலையில் போகும்போதும், ஓட்டலில் தங்கும்போதும் அதே கூந்தல், அதே நடை. ஜனங்கள் எங்கே பார்த்தாலும் அழகனைத்தான் பார்க்க வேண்டும் என்பது அவர் கொள்கை. கடைசியில் சட்டப்படியே பெயரை மாற்றிக் கொண்டார். ஜார்ஜ் வாக்னர் என்ற வர்ணக்காரர் மகன் காகிதத்தில் கூட இல்லாமல் போனார். மிஞ்சியவர் கார்ஜியஸ் ஜார்ஜ் ஒருவரே.

ஆனால் வேடம் ஒருவனைச் சிரிக்க வைக்கும், தூங்க வைக்காது. ஓயாத பயணம். இரவுக்கு ஓர் ஊர். வீட்டில் தங்கும் நாட்கள் குறைந்தன. மதுப் புட்டி துணைக்கு வந்தது. முதலில் களைப்பு தீர ஒரு கோப்பை. பிறகு புட்டி. பிறகு கணக்கே இல்லை.

கோணல் வழியில் சண்டை போட்டு எத்தனையோ பேரைச் சாய்த்தவரை, மது நேர் வழியிலேயே சாய்த்துவிட்டது. 1952-ல் பெட்டி விவாகரத்துப் பெற்றுப் பிரிந்தார். ஏழையாக இருந்தபோது அங்கி தைத்துக் கொடுத்தவர், மேடையில் பல முறை மாலை மாற்றியவர், அதன் பிறகு உடன் இல்லை. ஜார்ஜ் மறுமணம் செய்துகொண்டார். அதுவும் நிலைக்கவில்லை, 1962-ல் விவாகரத்தில் முடிந்தது. கையிலிருந்த பணம் கரைந்தது.

கலிபோர்னியாவில் போமாண்ட் என்ற இடத்தில் அவருக்கு 195 ஏக்கரில் வான்கோழிப் பண்ணை இருந்தது. பிறகு வான் நைஸ் என்ற இடத்தில் மதுக்கடையோடு கூடிய உணவு விடுதி நடத்தினார். மதுவால் கெட்டவர் மதுக்கடை வைத்தால் என்ன ஆகும்? சொல்லவா வேண்டும்!

பணயம் வைத்த கூந்தல்

ஐம்பதுகளின் முடிவில் டெலிவிஷனில் மல்யுத்த மோகம் தணிந்தது. வயதும் ஏறியது. கூட்டத்தை இழுக்க ஜார்ஜிடம் ஒரே ஒரு சொத்துதான் மீதி இருந்தது. அதுதான் தலைமயிர்!

1959 மார்ச் மாதம் கனடா நாட்டின் டொரான்டோ நகரில் விப்பர் பில்லி வாட்சன் என்ற பயில்வானுடன் பந்தயம். வாட்சன் அந்த ஊர் மக்களின் செல்லப் பிள்ளை. அவர் தோற்றால் மல்யுத்தத்தை விட்டே விலக வேண்டும். ஜார்ஜ் தோற்றால் மொட்டை போட்டுக் கொள்ள வேண்டும். ஜார்ஜ் தோற்றார். மேடையிலேயே, எல்லோரும் பார்க்கக் கூந்தலை மழித்தார்கள். அரங்கம் ஆரவாரித்தது.

1962-ல் மறுபடியும் அதே பந்தயம். இடம் லாஸ் ஏஞ்சல்ஸ். எதிராளி, முகமூடி போட்ட டெஸ்ட்ராயர் என்ற பயில்வான். அவர் தோற்றால் முகமூடியைக் கழற்ற வேண்டும். இந்த முறையும் மொட்டை ஜார்ஜுக்குத்தான். அதுவே அவருடைய கடைசிச் சண்டைகளில் ஒன்று. ஈரல் கெட்டுவிட்டது, இனி மேடை ஏறக் கூடாது என்று டாக்டர்கள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள்.

1963 டிசம்பர் 24. ஊரெல்லாம் கிறிஸ்துமஸ் கொண்டாட்டத்துக்குத் தயாராகிக் கொண்டிருந்தது. அன்று ஜார்ஜுக்கு மாரடைப்பு. டிசம்பர் 26-ந் தேதி லாஸ் ஏஞ்சல்ஸில் கண்ணை மூடினார். வயது 48.

விட்டுச் சென்ற சொத்து

பணம் போயிற்று. பண்ணை போயிற்று. ஆனால் அவர் கற்றுக் கொடுத்த வித்தை போகவில்லை.

1961 ஜூன் மாதம் லாஸ் வேகாஸ் நகரில் ஒரு ரேடியோ நிகழ்ச்சி. அங்கே ஜார்ஜும் 19 வயதுக் குத்துச்சண்டை வீரர் ஒருவரும் சந்தித்தார்கள். தன்னை வெல்ல ஆளில்லை என்றும், எதிராளியை நாசமாக்கப் போவதாகவும் ஜார்ஜ் ரேடியோவில் வெடித்தார். அந்த இளைஞர் பிறகு மல்யுத்தத்தைப் பார்க்கப் போனார். அரங்கம் நிறைந்து வழிந்தது. வந்தவர்கள் எல்லோரும் ஜார்ஜ் அடிபடுவதைப் பார்க்க வந்தவர்கள்! வாய்ப்பேச்சுக்கு இவ்வளவு வசூலா என்று இளைஞர் மலைத்தார். வாயை மூடும்படி உன்னை அடிப்பதைப் பார்க்கவும் ஜனங்கள் பணம் தருவார்கள், ஆகவே பெருமையடிப்பதை விடாதே என்று ஜார்ஜ் அவருக்குப் புத்தி சொன்னார்.

அந்த இளைஞர் காஷியஸ் கிளே. பின்னால் உலகமே போற்றிய முகமது அலி! 1980-ல் சென்னைக்கு வந்து நேரு ஸ்டேடியத்தில் குத்துச்சண்டைக் காட்சி நடத்தியவரும் இவரே. தம்முடைய பெரும் பேச்சுக்கு வழிகாட்டி ஜார்ஜ்தான் என்று அலி ஒளிக்காமல் சொன்னார்.

பாடகர் ஜேம்ஸ் பிரவுனும் தம் மேடை ஆடம்பரத்துக்கு ஜார்ஜை முன்மாதிரியாகக் கூறினார். பாடகர் பாப் டிலான், சிறுவனாகத் தாம் பாடிக்கொண்டிருந்தபோது அந்த வழியே போன ஜார்ஜ் ஒரு பார்வையால் தம்மை உற்சாகப்படுத்தியதை 2004-ல் வெளிவந்த சுயசரிதையில் நன்றியோடு எழுதினார். ஊரை ஏளனமாகப் பார்ப்பதே தொழிலாகக் கொண்டவரிடமிருந்து ஒரு சிறுவனுக்குக் கிடைத்தது அன்பான பார்வை.

2010-ல் அமெரிக்க மல்யுத்த நிறுவனமான டபிள்யூ. டபிள்யூ. ஈ. தன் புகழ் மண்டபத்தில் ஜார்ஜைச் சேர்த்தது. அவரைப் பாராட்டிப் பேச மேடை ஏறியவர் டெஸ்ட்ராயர்! ஜார்ஜுக்கு மொட்டை போட வைத்த அதே மனிதர், 48 ஆண்டுகள் கழித்து அவருக்கு மகுடம் சூட்டினார்.

வட ஹாலிவுட்டில் வால்ஹால்லா இடுகாட்டில் ஜார்ஜின் கல்லறை இருக்கிறது. அதில் உள்ள தகட்டில் அவருடைய பிள்ளைகள் தங்கள் அன்பைப் பொறித்திருக்கிறார்கள். அப்பா என்று அழைத்து, பக்கத்தில் கார்ஜியஸ் ஜார்ஜ் என்ற பெயரைப் போட்டிருக்கிறார்கள். ஊரார் வெறுப்பதற்காகச் சூட்டிக் கொண்ட பெயர் அது. பிள்ளைகளுக்கு அதுவே அப்பாவின் பெயர்.